‘லேப்ல ஓடுச்சு சார்’

(கணினி ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பைதான் மொழியின் புதிய பதிப்புகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்ன புதிதாக வந்திருக்கிறது, என்னென்ன சிக்கல் தெரிந்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதற்கு முன், நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பட்டியலை நான் ஏன் இவ்வளவு கவனமாகப் படிக்கத் தொடங்கினேன் என்பது உங்களுக்குப் புரியாது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் அவரவர் விருப்பப்படி ஒரு சிறிய நிரல் எழுதிவரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி தொடர் பெருக்கத்தை எடுத்துக்கொண்டாள். ஒன்றிலிருந்து தொடங்கி 2000 வரை எல்லா எண்களையும் பெருக்கி விடையை அச்சிட வேண்டும். கணக்கு ஆசிரியர்கள் ஃபேக்டோரியல் என்பார்களே, அதுதான். பென்டிரைவில் கொண்டுவந்தாள். நோட்டிலும் எழுதியிருந்தாள்: ‘விடையில் மொத்தம் 5736 இலக்கங்கள்.’

என் மடிக்கணினியில் ஓட்டினேன். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தது. விடை வரவில்லை.

“என்னம்மா இது, ஓடவே இல்லையே?” என்றேன்.

“லேப்ல ஓடுச்சு சார்” என்றாள்.

“ஓடாத நிரலுக்கு 5736 எங்கேயிருந்து வந்தது? யூடியூப்ல பார்த்து எழுதினியா?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டேன். அடுத்த மாணவனைக் கூப்பிட்டேன்.

சில வாரம் கழித்து வேறொரு வேலையாக ஒரு பெரிய எண்ணை அச்சிட முயன்றபோது அதே சிவப்பு எழுத்து எனக்கும் வந்தது. அப்போதுதான் அந்தச் செய்தியை முழுதாகப் படித்தேன். முதல்முறை நான் பார்த்தது நிறத்தை மட்டும்தான். அதில் சொல்லியிருந்தது இதுதான்: எண்ணை எழுத்து வடிவத்துக்கு மாற்றும்போது 4300 இலக்கம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. எல்லையை உயர்த்த எந்தக் கட்டளை என்பதும் அதே வரியில் இருந்தது. நிரல் தவறு என்று எங்கும் இல்லை.

நடந்தது இதுதான். 2022 செப்டம்பரில் பைதான் 3.10.7 பதிப்பில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அடுத்த மாதம் வந்த 3.11லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் அது தொடர்கிறது. நான் வைத்திருந்தது 3.12. எங்கள் ஆய்வகத்தில் இருந்தவை விண்டோஸ் 7 கணினிகள். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி வரிசை பைதான் 3.8தான், 3.9 முதல் அதில் நிறுவ முடியாது. ஆய்வகத்தில் இருந்த அந்தப் பழைய 3.8இல் இந்த எல்லை கிடையாது. அங்கே அவளுடைய நிரல் ஓடியிருக்கிறது, விடை வந்திருக்கிறது, இலக்கங்களையும் கணினியை விட்டே எண்ணியிருக்கிறாள். 2000 ஃபேக்டோரியலுக்கு 5736 இலக்கம் என்பது முழுக்கச் சரி. 1000 ஃபேக்டோரியல் என்றால் 2568 இலக்கம்தான். அது என் மடிக்கணினியிலும் ஓடியிருக்கும், பிரச்சினையே வந்திருக்காது.

ஏன் இப்படி ஒரு எல்லை வைத்தார்கள்? இங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இது எளிதாகப் புரியும். இரண்டு இலக்க எண்ணை இரண்டு இலக்க எண்ணால் பெருக்க நான்கு வாய்ப்பாடு சொல்ல வேண்டும். நான்கு இலக்கத்தை நான்கு இலக்கத்தால் பெருக்க பதினாறு. இலக்கம் இரு மடங்கானால் வேலை நான்கு மடங்கு. கணினி எண்களை உள்ளே இரண்டடிமான முறையில் வைத்திருக்கிறது. அதை நாம் படிக்கும் பதின்ம இலக்கங்களாக மாற்றும் வேலையும் இப்படித்தான் வேகமாகப் பெருகும். யாராவது வேண்டுமென்றே லட்சக்கணக்கான இலக்கம் கொண்ட எண்ணை ஓர் இணையச் சேவைக்கு அனுப்பினால், அந்தச் சேவைக் கணினி அதை மாற்றிக்கொண்டே திணறிப் போகும். அதைத் தடுக்கத்தான் எல்லை. பெருக்கலுக்குத் தடை இல்லை. பதின்ம எழுத்தாக மாற்றுவதற்குத்தான் தடை. என் மாணவியின் நிரல் பெருக்கி முடித்துவிட்டது. அச்சிடப் போகும்போதுதான் நின்றது.

நல்ல காரணம்தான். ஆனால் நேற்று வரை ஓடிய நிரல் இன்று நிற்கிறது. புதிய பதிப்பு என்றால் இந்த இரண்டும் சேர்ந்துதான் வரும்.

பதிப்பு எண்ணைப் பற்றி ஒரு சிறு விஷயம். 3.9க்கு அடுத்தது என்ன? ஐந்தாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் 4.0 என்று சொல்லும். 3.10 என்று சொன்னால், ‘அது 3.1 தானே சார், 3.9ஐ விடச் சின்னது’ என்று திருத்தும். தசம எண் ஒழுங்காகப் படித்த குழந்தை அப்படித்தான் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் 3.10 வந்தபோது பல மென்பொருள்களும் அந்தக் குழந்தையைப் போலவே நினைத்துக்கொண்டன. 3.10ஐ 3.1 என்று படித்துவிட்டு, ‘உங்களிடம் இருப்பது மிகப் பழைய பதிப்பு’ என்று மறுத்தன. அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. பாடநூலில் மூன்றாம் அலகு, பத்தாம் பகுதி என்று போடுகிறோமே, அந்த மாதிரிப் புள்ளி. 2025 அக்டோபரில் 3.14 வந்தது. அதைப் பார்த்து ‘பை’ என்று கணக்கு ஆசிரியர்கள் மகிழ்ந்தால் நான் தடுக்க மாட்டேன்.

இப்போது வகுப்பறைக்கு உதவும் மாற்றங்களுக்கு வருகிறேன். என் பார்வையில் கடந்த சில பதிப்புகளில் நமக்குக் கிடைத்த பெரிய நன்மை வேகம் அல்ல. பிழைச் செய்திகள்தான். முன்பெல்லாம் மாணவன் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால், பைதான் அடுத்த வரியைக் காட்டி ‘தொடரமைப்புப் பிழை’ என்று மட்டும் சொல்லும். மாணவன் சரியாக இருக்கும் அடுத்த வரியைத் திருத்திக் கெடுத்துவிடுவான். 3.10 முதல், இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை என்று அது திறந்த இடத்தையே காட்டுகிறது. முக்காற்புள்ளி விட்டுப்போனால் அதையும் சொல்கிறது. 3.11இல், ஒரு நீண்ட வரியில் எந்தப் பகுதியில் பிழை என்று அடியில் குறி போட்டுக் காட்டத் தொடங்கினார்கள். 3.12இல், ஒரு தொகுதியை இறக்குமதி செய்யாமல் பயன்படுத்தினால், ‘இறக்குமதி செய்ய மறந்துவிட்டீர்களா?’ என்று கேட்கிறது. 3.14இல் ‘வைல்’ என்ற கட்டளைச் சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதினால், நீங்கள் நினைத்தது இதுவா என்று சரியான சொல்லைக் காட்டுகிறது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 3.13இல் வந்த ஒன்று. தற்செயல் எண் தரும் ‘ரேண்டம்’ தொகுதியைக் கற்பிக்கிறோம். மாணவர்கள் பயிற்சி நிரலைச் சேமிக்கும்போது கோப்புக்கு என்ன பெயர் வைப்பார்கள்? ரேண்டம் என்றுதான் வைப்பார்கள். பாடத்தின் பெயர் அதுதானே! உடனே பைதான் தன்னுடைய ரேண்டம் தொகுதியை விட்டுவிட்டு, அதே கோப்புறையில் இருக்கும் மாணவனின் கோப்பையே எடுத்துக்கொள்ளும். நிரல் ஓடாது. பழைய பதிப்புகளில் வந்த செய்தி ‘வட்ட இறக்குமதியாக இருக்கலாம்’ என்றது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன புரியும்? எனக்கே முதல் முறை அரை மணி நேரம் ஆனது. 3.13 நேராகச் சொல்கிறது: உங்கள் கோப்பின் பெயரும் மொழியோடு வரும் தொகுதியின் பெயரும் ஒன்றாக இருக்கின்றன, கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள். இதை எழுதியவர் என்றாவது ஒரு வகுப்பறையில் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

செய்திகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, உண்மை. அதனால்தான் ஆங்கில ஆசிரியரிடம் உதவி கேட்டு, அடிக்கடி வரும் பத்துப் பிழைச் செய்திகளைத் தமிழ் விளக்கத்தோடு அட்டையில் எழுதி எங்கள் ஆய்வகச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

தமிழ் ஆசிரியர்களுக்கும் ஒரு செய்தி. பைதான் 3இல் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். நமக்குத் தெரிந்தது மூன்று எழுத்து. யூனிகோட் முறையில் மகரத்தோடு வரும் இகரக் குறியும், ழகரத்தின் மேல் உள்ள புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. இது எந்தப் பதிப்பிலும் திருத்தப்படப் போகும் பிழை அல்ல, அமைப்பே அப்படி. பழைய பைதான் 2இல் சாதாரணமாக எழுதிக் கேட்டால் 15 என்று வரும், ஏனென்றால் அது எழுத்துகளை விட்டுவிட்டு பைட்டுகளை எண்ணியது. 15க்கு 5 பரவாயில்லை.

பைதான் 2 என்றதும் நினைவுக்கு வருகிறது. 3.0 வந்தது 2008 டிசம்பரில். பைதான் 2க்கான ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1இல். இடையில் பதினோரு ஆண்டு. அவ்வளவு காலம் கொடுத்தும் பழைய நூல்கள் இன்னும் நூலகங்களில் இருக்கின்றன. அவற்றில் அச்சிடும் கட்டளை அடைப்புக்குறி இல்லாமல் இருக்கும். அது கவலை இல்லை, ஓடாது, பிழை என்று தெரிந்துவிடும். ஆபத்தானது வகுத்தல். ஏழை இரண்டால் வகுத்தால் பைதான் 2இல் 3, பைதான் 3இல் 3.5. இரண்டிலும் பிழைச் செய்தி வராது. சத்தமில்லாமல் விடை மாறும். பழைய நூலிலிருந்து வினா எடுக்கும்போது இதைக் கவனியுங்கள்.

சரி, புதிய பதிப்பு வந்தவுடன் ஆய்வகத்தில் போட்டுவிடலாமா? நான் வேண்டாம் என்பேன்.

3.9 தொடங்கி ஆண்டுக்கு ஒரு பதிப்பு, அக்டோபர் மாதத்தில் வருகிறது. நமக்கு அது காலாண்டுத் தேர்வு முடிந்த நேரம். பாதிப் பாடம் ஒரு பதிப்பில், மீதிப் பாடம் இன்னொரு பதிப்பில் என்று பிள்ளைகளை அலைக்கழிக்க வேண்டியதில்லை. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. நம் பன்னிரண்டாம் வகுப்பில் பைபிளாட் கொண்டு வரைபடம் வரையும் பாடம் இருக்கிறது. அது பைதானோடு வருவதில்லை. மேட்பிளாட்லிப் என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். அதையும் அது நம்பியிருக்கும் மற்ற தொகுப்புகளையும் எழுதுபவர்கள் வேறு ஆட்கள். மொழி வெளியான அன்றே எல்லாத் தொகுப்புகளும் தயாராக இருக்கும் என்று சொல்ல முடியாது. தயாராக இல்லை என்றால், நிறுவும்போது உங்கள் கணினியில் சி மொழித் தொகுப்பி இருக்கிறதா என்று கேட்டு நிற்கும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தத் திரையைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மொழியை உருவாக்குபவர்களே கடைசி நேரத்தில் பின்வாங்கியதுண்டு. 3.13 வெளியாக வேண்டிய நாள் 2024 அக்டோபர் 1. பயன்படாத நினைவகத்தைத் துப்புரவு செய்ய ஒரு புதிய முறையை அதில் சேர்த்திருந்தார்கள். சில நிரல்கள் அதனால் மெதுவாகின்றன என்று தெரியவந்ததும் அதை அப்படியே எடுத்துவிட்டு, இன்னொரு சோதனைப் பதிப்பு விட்டு, அக்டோபர் 7இல்தான் வெளியிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது அன்றுதான்.

அதே 3.13இல் பத்தொன்பது பழைய தொகுதிகளை நீக்கினார்கள். நம் பாடத்தில் வரும் கணிதம், சிஎஸ்வி, எஸ்கியூலைட் தொகுதிகள் அந்தப் பட்டியலில் இல்லை. வண்ணத்தோடு வரும் புதிய ஊடாடு திரையும் அதில் வந்தது. நாம் பயன்படுத்தும் ஐடில் தனித் திரை என்பதால் பிள்ளைகள் அதைப் பார்க்கப் போவதில்லை. வீட்டில் பார்த்துவிட்டு வந்து கேட்டால் குழம்பாதீர்கள்.

அதற்காகப் பழையதையே பிடித்துக்கொண்டிருங்கள் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் ஐந்தாண்டுதான் பாதுகாப்புத் திருத்தம் வரும். 3.8க்கு 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இணையத்தில் இணைந்திருக்கும் கணினியில் அதை வைத்திருப்பது நல்லதல்ல. கோடை விடுமுறையில், முந்தைய அக்டோபரில் வந்த பதிப்பின் பிந்தைய திருத்தத்தை எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி போடுங்கள். ஜூன் மாதம் முதல் வகுப்பிலேயே எந்தப் பதிப்பு என்று கரும்பலகையில் எழுதுங்கள். ஐடில் திறந்தால் மேல் பட்டையில் அந்த எண் தெரியும். செய்முறைப் பதிவேட்டில் நாள் எழுதுவது போலப் பதிப்பு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். அன்று அந்த மாணவியின் நோட்டில் 3.8 என்று ஒரு வரி இருந்திருந்தால் நான் ஒரு நொடியாவது யோசித்திருப்பேன்.

அவளிடம் என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. எல்லோர் முன்னாலும் கேட்டதை எல்லோர் முன்னாலும்தான் திரும்பப் பெற வேண்டும் என்று தோன்றியது. வகுப்பில் என் மடிக்கணினியை வைத்து அவள் நிரலைத் திறந்தேன். மேலே எல்லையை நீக்கும் ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். திரை நிறைய எண்கள் ஓடின. “நீ சொன்னது சரிம்மா, நான்தான் படிக்காமல் பேசிவிட்டேன்” என்றேன். மதிப்பெண்ணையும் மாற்றினேன்.

அவள் எழுந்து நின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

“சார், அந்த 4300ங்கற நம்பரை யார் சார் முடிவு பண்ணினாங்க?” என்று கேட்டாள்.