நாவல் வாசிக்கிற பொம்பளை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருஷ விழாவில் என்னைக் கடன் வசூல் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த வருஷம் தலைவி மைனி, "எப்பப் பார்த்தாலும் கையில ஒரு புத்தகத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, அதைப் பத்தியே பத்து நிமிஷம் பேசு"ன்னு சொல்லிட்டாங்க. கேலிக்குச் சொன்னாங்களா, நெசமாத்தான் சொன்னாங்களான்னு இன்னும் தெரியலை. எப்படியும் மைக் கையில் வந்துவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வாசிப்பது நாவல் மட்டும்தான். கவிதை எனக்குப் பிடிபடாது. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்கிற புத்தகங்கள் பயிற்சியில் கொடுத்தது நாலைந்து வீட்டில் இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. நாவல் என்றால் மட்டும் அடுப்பில் பால் பொங்குவது தெரியாது. இதனால் எங்கள் வீட்டில் தீய்ந்த பாத்திரங்களுக்குக் கணக்கே கிடையாது.

வாசிக்கும் நேரம் விடியற்காலை நாலு மணி முதல் அஞ்சரை வரை. அந்த நேரத்தில்தான் யாரும் கூப்பிட மாட்டார்கள். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம் இருக்கும், அது எனக்குத் தாலாட்டு மாதிரி பழகிப்போச்சு. சத்தம் நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன், கரன்ட் போயிருக்கும். அதுபோக ரேஷன் கடை வரிசை, தென்காசிக்குக் கூட்டத்துக்குப் போகிற பஸ், பல் ஆஸ்பத்திரி பெஞ்சு. பூக்கட்டும்போது மட்டும் முடியாது, ரெண்டு கையும் வேணுமே. இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. பாதிப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுவேன். என் மகள் திட்டுவாள். அந்தப் பிள்ளை சாகுதா பிழைக்குதான்னு தெரியாம எனக்கு மத்தியானச் சோறு இறங்காது, நான் என்ன செய்ய?

குழுவில் மிச்சமான பழைய பேரேடு ஒன்றை எடுத்து 2003ல் எழுத ஆரம்பித்தேன். தேதி, நாவல் பெயர், எழுதியவர், எங்கே வாங்கியது, எப்போது திருப்பினது. போன வாரம் வரை 438 வரி ஆகியிருக்கிறது. ஒரே புத்தகம் மூன்று தடவை வந்திருந்தால் மூன்று வரி.

ஆரம்பம் எல்லாருக்கும் போலத்தான். பலசரக்குக் கடைப் பொட்டலக் காகிதத்தில் பாதித் தொடர்கதை, அப்புறம் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் மாத நாவல். ராஜேஷ்குமார் வாசித்துவிட்டு ராத்திரி கொல்லைப் பக்கம் போகப் பயந்திருக்கிறேன். ரமணிசந்திரன் எழுதியதை ஒன்று விடாமல் வாசித்திருக்கிறேன். இப்போது வாசிக்க முடிவதில்லை. கோபக்காரப் பணக்கார மாப்பிள்ளை கடைசியில் மனசு மாறுவான் என்பது கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆன எனக்கு நம்பும்படியாக இல்லை. ஆனால் அந்தப் புத்தகங்களை யாராவது மட்டமாகப் பேசினால் சண்டைக்குப் போவேன். எட்டாம் வகுப்போடு நின்று வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, எழுத்து மறந்து போகாமல் காப்பாற்றினது அவைதான். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் அப்படி வாசித்ததுதான். பூங்குழலி வரும் இடங்களுக்காக ரெண்டாம் தடவையும் வாசித்தேன், வர்ணனைகளைத் தாண்டித் தாண்டி.

புத்தகத்தில் பேசுகிறவர்கள் எல்லாம் புத்தக மாதிரிதான் பேசுவார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நம்ம நூலகத்தில் கி.ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் கிடைத்தது. 1976ல் வந்த நாவல். அவருடைய இடைசெவல் நமக்கு அந்நியமான ஊரா? கோவில்பட்டி தாண்டி, பஸ்ஸில் போனால் ஒரு பொழுதுக்குள் போய் வந்துவிடலாம். நகைக்காக ஒருத்தன் ஒரு பொம்பளையைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்கிறான். அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்த கடி விடாமல் சாகிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். எங்க பாட்டி சொன்ன கதை மாதிரியே, எங்க பாட்டி பேச்சிலேயே இருந்தது. நம்ம பேச்சை அச்சில் போடலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாத விவசாயி. கரிசல்காட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியே உண்டாக்கினார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியராக உட்கார வைத்தது. 2021 மே மாதம் அவர் இறந்த செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் அழுதேன். "உனக்குச் சொந்தமா?"ன்னு கேட்டார் வீட்டுக்காரர். ஆமாம்னு சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கத்துக்காரர்களையே தேடித் தேடி வாசித்தேன். சோ.தர்மனின் சூல் ஒரு கண்மாயின் கதை. மழை பெய்யாத வருஷத்தில் வாசிக்கக் கூடாது, மனசு கேட்காது. பூமணியின் வெக்கை 1982ல் வந்தது. அசுரன் படம் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்க பார்ப்போம். எல்லாரும்தான். புத்தகம் வேற மாதிரி. அண்ணனைக் கொன்றவனைக் கொன்றுவிட்டுப் பதினைந்து வயசுப் பையன் அய்யாவோடு காட்டுக்குள் ஓடுகிறான். சண்டை முதல் பக்கங்களிலேயே முடிந்துவிடும். மிச்சம் முழுக்க எங்கே தண்ணி குடிக்க, எதைச் சுட்டுத் திங்க, எங்கே படுக்க என்பதுதான். அப்போது என் மகனுக்கும் பதினைந்து வயசு. அன்றைக்கு ராத்திரி அவன் தூங்குவதை ரெண்டு தடவை எழுந்து பார்த்தேன்.

இப்போது எங்கள் அத்தை கதைக்கு வருகிறேன். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. எண்பது வயசு. கைத்தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்தே வளர்ந்தவர்கள். நான் வாசிப்பது அவர்களுக்கு ஆகாது. "தறி நிக்குது, இவ பொஸ்தகம் ஓடுது"ன்னு தெருவில் சொல்வார்கள். தொ.மு.சி.ரகுநாதன் எழுதின பஞ்சும் பசியும் நூலகத்தில் கிடைத்தபோது, நெசவாளர் கதையாச்சே, வாசித்துக் காட்டுவோம் என்று தோன்றியது. 1953ல் வந்தது அது. அம்பாசமுத்திரம் நெசவாளிகள் நூல் கிடைக்காமல், நெய்த துணி விற்காமல் பட்ட பாடு. அத்தை ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். முதல் ரெண்டு நாள் "ம்" கூடக் கொட்டவில்லை. மூன்றாம் நாள் ராட்டை நின்றது.

"இது எங்கய்யா காலத்துல நடந்தது தாயி. நான் சின்னப் பிள்ளை. நூலு வரலை. தறியில சிலந்தி கூடு கட்டிருச்சு. எங்கம்மா உப்புப் போட்ட கஞ்சித்தண்ணிய எங்களுக்கு ஊத்திட்டு, தனக்குப் பசிக்கலைன்னா. எத்தனை நாளு பசிக்காம இருக்கும்? இதையெல்லாம் ஒருத்தர் எழுதி வச்சிருக்காரா?"

கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அத்தை தன் அம்மாவைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு தினமும் விளக்கு வைத்ததும், "ஏ பிள்ளை, அந்தத் தறிகாரனுக கதை என்னாச்சு?"ன்னு அவர்களே கேட்டார்கள். நாவல் முடிந்ததும் அவர்களுக்குத் திருப்தி இல்லை. "கடைசியில கொடி பிடிச்சுட்டுப் போறாக சரி. வீட்டுல உலை வச்சது யாரு, அதை ஏன் எழுதலை?"ன்னாங்க. அந்த நாவலைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நான் கேட்டதில்லை.

அந்தக் குறை எனக்கும் நிறைய நாவல்களில் உண்டு. முந்நூறு பக்கம் ஒரு பெண்ணைப் பொறுமையின் சின்னமாகவே நிறுத்தி வைத்து எழுதியிருந்தால் எனக்கு எரிச்சல் வரும். ராஜம் கிருஷ்ணனை அதனால்தான் எனக்குப் பிடிக்கும். அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதினவர் இல்லை. தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய், உப்பு அள்ளுகிற பெண்களோடு பேசிக் கரிப்பு மணிகள் எழுதினார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகளைப் பற்றிக் கூட்டுக்குஞ்சுகள் எழுதினார். இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனை பேர் சின்ன வயசில் தீப்பெட்டிக் கட்டை அடுக்கினவர்கள்? உங்கள் கதைதான் அது. அத்தனை எழுதினவர் கடைசிக் காலத்தில் சொந்த வீடு இல்லாமல் முதியோர் இல்லத்தில் இருந்தார் என்பதை நினைத்தால் வயிறு எரியும். 2014ல் காலமானார். அவருடைய நூல்கள் நாட்டுடைமையானவை. போனிலேயே காசில்லாமல் வாசிக்கலாம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பக்கத்தில் கிடைக்கும். எப்படி எடுப்பது என்று தெரியாதவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வாருங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதே என்று கூச்சப்படுகிறவர்களுக்கு இன்னொருவரைச் சொல்கிறேன். வை.மு.கோதைநாயகி அம்மாள். 1901ல் பிறந்தவர். ஐந்தரை வயசில் கல்யாணம். அவர் முதல் கதையைச் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்கிற தோழி எழுதிக்கொண்டார், ஏனென்றால் இவருக்குச் சரளமாக எழுத வராது. அப்படி ஆரம்பித்தவர் நூற்றுக்கு மேல் நாவல் எழுதினார், 1925 முதல் ஜகன்மோகினி என்ற பத்திரிகையையும் நடத்தினார். நம்ம தீர்மானப் புத்தகத்திலும் ஒருத்தி சொல்ல ஒருத்திதானே எழுதுகிறோம்!

இதுவரை சொன்னது எல்லாம் சந்தோஷமாகச் சொன்னேன். இனிச் சொல்வதை மேடையில் சொல்லலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் குழுவில் ஓர் உறுப்பினர், பெயர் வேண்டாம், மூன்று மாதம் தவணை கட்டவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை. 2021ஆம் வருஷம் அது. அபராதம் போடுவது, அடுத்த மாதமும் கட்டாவிட்டால் நீக்குவது என்று தீர்மானம் போட்டோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான்தான் எழுதினேன். அந்த வாரம் நான் வாசித்துக்கொண்டிருந்தது இமையத்தின் செல்லாத பணம். சாகித்திய அகாதெமி விருது அறிவித்தார்கள் என்று நூலகத்தில் கேட்டு வாங்கி வந்தது. தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் ரேவதி என்ற பெண்ணைப் பற்றிய கதை. வெளியே அவளைப் பெற்றவர்கள் பணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், அது எதற்கும் ஆகாது. விடிய விடிய அழுதுகொண்டு வாசித்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அந்தப் புத்தகத்தோடு வாசல்படியில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த உறுப்பினர் வந்து நின்றாள். "மைனி, ஒரு நிமிஷம் பேசணும்"னா. நான் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கூட்டத்துல வந்து பேசு"ன்னு சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் நின்றாள் போல. நான் ரெண்டு பக்கம் தள்ளி நிமிர்ந்து பார்த்தபோது ஆளில்லை.

பிறகுதான் தெரிந்தது. வீட்டில் அடி. தவணைப் பணத்தைப் புருஷன் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான். அன்றைக்கு ராத்திரி ரெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டாள், பனியன் கம்பெனி வேலைக்கு. கதையில் வந்த ரேவதிக்கு முந்தானை நனைய அழுதவள் நான். வாசலில் நின்றவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாவல் வாசித்தால் மனசு இளகும், மனுஷரைப் புரியும் என்று விழாக்களில் பேசுகிறார்கள். எனக்கு அது தானாக நடக்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அபராதத்தை அடுத்த கூட்டத்தில் ரத்து செய்தோம். பழைய தீர்மானம் நோட்டில் அப்படியேதான் இருக்கிறது, என் நல்ல கையெழுத்தில். இப்போது எங்கள் குழுவில் சந்தாவை எண்ணுவதற்கு முன்னால், வராதவர் யார், போய்ப் பார்த்தது யார் என்று கேட்டுவிட்டுத்தான் நோட்டைத் திறப்போம்.

எட்டு மாதம் கழித்து அவளே போன் செய்தாள். மிச்சக் கடனைத் தவணை தவணையாகப் போனிலேயே அனுப்பி முடித்தாள். கடைசித் தவணை அனுப்பின அன்று, "மைனி, அன்னைக்கு அப்படி உசிரக் குடுத்து என்ன பொஸ்தகம் வாசிச்சுக்கிட்டு இருந்தீக?"ன்னு கேட்டாள். கேட்டதில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயரைச் சொன்னேன். கதையையும் கேட்டாள், சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எழுத்துக்கூட்டி வாசிப்பேன், குடுத்துவிடுங்க"ன்னாள். அப்போது நூலகப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தாச்சு. சொந்தமாக ஒன்று வாங்கி, திருப்பூர் பஸ்ஸில் போகிற தெருக்காரப் பையனிடம் கொடுத்தனுப்பினேன்.

அதிலிருந்து எங்கள் குழுவில் புத்தகத்துக்கும் உள்கடன் உண்டு. ஒரு தகரப்பெட்டியில் முப்பத்தாறு நாவல் இருக்கிறது. பதினைந்து நாள் தவணை. வட்டியாகக் கதையைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் பிடித்ததா பிடிக்கவில்லையா என்றாவது சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட எங்கள் அத்தை வீட்டில் சனிக்கிழமை விளக்கு வைத்த பிறகு உட்காருகிறோம். அத்தைதான் தலைவர். பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள், எவ்வளவு பெரிய விருது வாங்கினதாக இருந்தாலும். மற்றக் குழுக்களில் ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் பேரேடு எழுதும் முறையை என்னிடம் பார்த்துக்கொள்ளலாம். நம்ம தனிநபர் கடன் பேரேடு மாதிரியேதான், தொகை எழுதும் கட்டத்தில் நாவல் பெயர்.

அந்தப் பேரேட்டில் முதல் வரி திருப்பூர் போன புத்தகம். அதற்கு நேரே திரும்பிய தேதி இன்னும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. செயலாளர் மைனி கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், உட்காருகிறேன்.