நடந்து வந்த சிலைகளின் தீவு



இன்று நாம் போகப்போகிற இடம் பசிபிக் பெருங்கடலின் தென்கிழக்கில் தன்னந்தனியாகக் கிடக்கும் ராப்பா நூயி. ஈஸ்டர் தீவு என்றால் பலருக்கும் சட்டென்று புரியும். 1722ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று டச்சு மாலுமி யாக்கோப் ரோகவேன் அங்கே வந்து சேர்ந்ததால் ஏற்பட்ட பெயர் அது. தீவின் மக்கள் தங்கள் மண்ணையும் மொழியையும் தங்களையும் ராப்பா நூயி என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

சிலி நாட்டின் தலைநகரான சாந்தியாகோவில் விமானம் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கீழே வெறும் கடல்தான். மனிதர்கள் வாழும் அடுத்த தீவு பிட்கெய்ர்ன். அதுவும் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ராப்பா நூயியின் பரப்பு சுமார் 164 சதுர கிலோமீட்டர். முக்கோண வடிவம். மூலைக்கொன்றாக மூன்று எரிமலைகள், மூன்றும் அணைந்து போனவை. ஆறு கிடையாது; மழைநீர் மண்ணுக்குள் இறங்கிக் கடற்கரை ஓரமாகக் கசிந்து வெளிவருகிறது. ஹங்கா ரோவா என்ற ஒரே ஊர். அதைத் தாண்டினால் புல்மேடு, கருங்கல் கிடக்கும் கரை, இஷ்டம்போல மேயும் குதிரைகள், ஓயாத காற்று.

இந்தச் சின்னத் தீவைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அவர்கள் எழுதியவற்றில் நான்கு புத்தகங்களை இன்று கூடவே எடுத்துச் செல்கிறோம். வழி காட்டும் புத்தகமும் உண்டு, வழி தவறச் செய்யும் புத்தகமும் உண்டு.

முதலில் ரானோ ராராக்கு எரிமலைக்குப் போவோம். உலகம் அறிந்த மோவாய் சிலைகள் பிறந்த குவாரி அதுதான். தீவிலுள்ள 900க்கும் மேற்பட்ட சிலைகளில் கிட்டத்தட்ட 400 இன்னும் இந்த மலைச்சரிவிலேயே இருக்கின்றன. படங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்: மண்ணிலிருந்து எழும்பி நிற்கும் நீண்ட முகங்கள். வெறும் தலைகள் என்று நினைத்துவிட வேண்டாம். மண் மூடியதால் உடம்பு கீழே மறைந்திருக்கிறது. வயிற்றின்மேல் சேர்த்து வைத்த நீண்ட விரல்களோடு முழு உருவமும் உள்ளே இருக்கிறது.

சரிவில் கொஞ்சம் ஏறிப் பாறையைக் கூர்ந்து பாருங்கள். இது இறுகிய எரிமலைச் சாம்பல் கல். மஞ்சள் கலந்த சாம்பல் நிறம், தொட்டால் சொரசொரக்கும். பாறையிலேயே மல்லாந்து படுத்திருக்கிறது ஒரு சிலை. மூக்கு, உதடு, நீளமான காது எல்லாம் செதுக்கி முடித்தாகிவிட்டது. முதுகு மட்டும் ஒரு மெல்லிய கல் விளிம்பால் தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்கிறது. அதையும் செதுக்கி எடுத்தால் சிலை சரிவில் இறங்கத் தயார். கண்ணை இங்கே திறப்பதில்லை. மேடையில் ஏற்றிய பிறகுதான் கண்குழி தோண்டுவார்கள். இரும்பே தெரியாத சிற்பிகள் கடினமான எரிமலைக் கல்லால் ஆன உளிகளைக் கொண்டே இத்தனையையும் செய்தார்கள். வேலை முடியாமல் பாறையோடு கிடக்கும் ஒரு சிலையின் நீளம் 21 மீட்டர்.

இந்த மலையை முதன்முதலாக முறையாக ஆராய்ந்தவர் கேத்தரின் ரூட்லெட்ஜ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. கணவரோடு ‘மானா’ என்ற பாய்க்கப்பலில் 1914இல் வந்து இறங்கி, அடுத்த ஆண்டு வரை தங்கினார். தீவு அப்போது ஓர் ஆட்டுப் பண்ணையாக இருந்தது. நிலமெல்லாம் பண்ணைக் கம்பெனிக்கு, மக்களுக்கு ஹங்கா ரோவா மட்டும். அந்த ஆண்டிலேயே அங்காத்தா என்ற மூதாட்டி, தீவு தங்களுடையது என்று கடவுள் கனவில் சொன்னதாக அறிவித்து மக்களைத் திரட்டினார். ரூட்லெட்ஜ் அதைக் கிட்ட இருந்து பார்த்தார்.

அவரிடம் நான் மதிப்பது அவருடைய பொறுமையை. ஹுவான் தெப்பானோ என்ற தீவுக்காரரைத் துணையாக வைத்துக்கொண்டு முதியவர் ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து கேட்டார். ரொங்கோரொங்கோ என்ற பழைய எழுத்து ஓரளவு தெரிந்த தோமெனிக்கா என்ற முதியவர் தொழுநோயாளர் குடியிருப்பில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அங்கேயும் போனார். முதியவர் சில குறிகளை எழுதிக் காட்டினார். சில வாரங்களுக்குள் இறந்துவிட்டார். அந்த எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. எழுத்துப் பலகைகளில் எஞ்சியவை சுமார் இரண்டு டஜன்; எல்லாமே தீவுக்கு வெளியே இருக்கின்றன, தீவில் ஒன்றுகூட இல்லை. ரூட்லெட்ஜின் புத்தகம் 1919இல் வெளிவந்தது. தலைப்பு ‘ஈஸ்டர் தீவின் மர்மம்’.

குவாரியிலிருந்து கடலை நோக்கினால் தொங்காரிக்கி தெரிகிறது. ஒரே மேடையில் 15 மோவாய்கள், கடலுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து நிற்கின்றன. இவை முன்னோர்களின் உருவங்கள். தம் வழிவந்தவர்களைக் காப்பதால் முகம் ஊர்ப்பக்கம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தீவின் மேடைகளில் ஒரு சிலைகூட நிமிர்ந்து நிற்கவில்லை, எல்லாம் சரிந்திருந்தன. 1960இல் சிலியில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தின் சுனாமி, விழுந்து கிடந்த இந்தப் பதினைந்தையும் உள்நாட்டுப் பக்கம் வாரி எறிந்தது. 1990களில் ஜப்பானிய கிரேன் ஒன்றின் உதவியோடு அவற்றை மறுபடி நிறுத்தினார்கள்.

வடகரையில் அனாக்கேனா இருக்கிறது. கரடுமுரடான தீவில் வெள்ளை மணல் விரிந்த கடற்கரை. முதல் தலைவன் ஹோத்து மாத்துவா படகிலிருந்து இறங்கியது இங்கேதான் என்கிறது மரபு. 1978இல் இங்கே மணலுக்குள்ளிருந்து ஒரு கண் கிடைத்தது: வெண்பவளத்தில் செய்த விழி, சிவப்பு எரிமலைக் கல்லில் செய்த பாவை. அதுவரை குருடாகத் தெரிந்த மோவாய்கள் ஒருகாலத்தில் கண் திறந்து பார்த்தவை என்று அன்றுதான் உறுதியானது.

நம் இரண்டாவது புத்தகம் ‘அக்கு அக்கு’. நார்வேக்காரர் தோர் ஹேயர்டால் எழுதியது. 1955இல் இங்கே வந்து, இதே அனாக்கேனாவில் கூடாரம் அடித்தார். கீழே வைக்க மனம் வராது, அவ்வளவு விறுவிறுப்பு. மேயர் பெத்ரோ அத்தான் 12 பேரை வைத்துக்கொண்டு, கழிகளாலும் கற்களாலும் நெம்பி நெம்பி, 18 நாளில் ஒரு சிலையை நிறுத்திக் காட்டிய பகுதியை மட்டுமாவது படியுங்கள். ஆனால் இந்தக் கலையைத் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் கொடுத்தார்கள் என்ற அவர் கொள்கை நிற்கவில்லை. இந்த மக்கள் மேற்கிலிருந்து நட்சத்திரம் பார்த்துப் படகோட்டி வந்த பாலினேசியர்களே. அமெரிக்கக் கரையோடு தொடர்பு இருந்தது உண்மை. மரபணுவிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் அதன் அடையாளம் இருக்கிறது.

சிலைகள் குவாரியிலிருந்து மேடைகளுக்கு எப்படி வந்தன என்று கேட்டவர்களுக்கெல்லாம் தீவுக்காரர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: நடந்து வந்தன. வந்தவர்கள் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். டெரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2011இல் எழுதிய நம் மூன்றாவது புத்தகம் அந்தப் பதிலை மதித்து ஆராய்ந்தது. வழியில் விழுந்து கிடக்கும் சிலைகளின் அடிப்பகுதி அகலம், உடம்பு சற்று முன்னே சாய்ந்திருக்கும். கனமான பீரோவை ஒரு மூலையை ஊன்றி மறு மூலையைத் திருப்பி நகர்த்துவோமே, அதே முறைதான். ஹவாயில் நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள மாதிரிச் சிலையை 18 பேர் மூன்று கயிறுகளை மாற்றி மாற்றி இழுத்து, 40 நிமிடத்தில் 100 மீட்டர் நடக்கவைத்தார்கள். பெரிய சிலைகள் எல்லாமே இப்படித்தான் வந்தனவா என்ற விவாதம் முடியவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, தீவின் வார்த்தையைக் காதில் வாங்கவே உலகத்துக்கு இத்தனை காலம் பிடித்தது என்பது.

நான்காவது புத்தகத்தோடு எனக்குச் சண்டை உண்டு. ஜாரெட் டைமண்ட் 2005இல் வெளியிட்ட ‘வீழ்ச்சி’. மரங்களையெல்லாம் வெட்டித் தீர்த்து, தங்களுக்குள் அடித்துக்கொண்டு, தாங்களே தங்களை அழித்துக்கொண்டார்கள் என்று ராப்பா நூயியை உலகுக்கு எச்சரிக்கையாகக் காட்டுகிற நூல் அது. பனைக்காடு அழிந்தது உண்மை. தீயும் கோடரியும் காரணம். படகில் கூடவே வந்த எலிகள் பனங்கொட்டைகளைத் தின்றதும் காரணம். ஆனால் மக்கள் அதோடு முடிந்துவிடவில்லை. காற்றைத் தடுக்கக் கல்லால் வட்டச்சுவர் கட்டி அதற்குள் பயிர் வைத்தார்கள்; ஈரம் காக்க வயலெங்கும் கல் பரப்பிக் கிழங்கு விளைவித்தார்கள். 2024இல் வெளியான மரபணு ஆய்வு, பழங்காலத்து 15 பேரின் எலும்புகளைச் சோதித்து, 17ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை சரியவே இல்லை என்று காட்டிவிட்டது.

சரிவு எப்போது வந்தது தெரியுமா? 1862இல் பெருவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்களோடு வந்தது. சுமார் 1,500 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த சிலரோடு பெரியம்மை வந்தது. 1877இல் தீவில் மிஞ்சியவர்கள் 111 பேர். 1888இல் சிலி தீவைச் சேர்த்துக்கொண்டது. ஆட்டுப் பண்ணை 1953 வரை நீடித்தது. தீவு மக்களுக்கு முழுக் குடியுரிமை 1966இல்தான் கிடைத்தது. இத்தனையும் செய்தது யார் என்பதை மறந்துவிட்டு மரம் வெட்டிய கதையை மட்டும் சொல்வது பெரும் அநியாயம்.

கடைசியாக ஒரோங்கோவுக்கு ஏறுவோம். ஒரு பக்கம் ரானோ காவ் எரிமலையின் வாய், உள்ளே கோரைப்புல் மிதக்கும் ஏரி. மறுபக்கம் செங்குத்தான பாறை, கீழே கடலில் மோட்டு நூயி என்ற குட்டித்தீவு. ஒருகாலத்தில் ஆண்டுதோறும் தலைவர்கள் தங்கள் ஆட்களை அந்தப் பாறையில் இறங்கி நீந்திப் போகச் சொல்வார்கள். அங்கே கூடு கட்டும் கடல் ஆலாவின் முதல் முட்டை யார் கைக்கு வருகிறதோ, அவருடைய தலைவரே அந்த ஆண்டின் பறவை மனிதர். அப்படி ஆனவர்களின் பெயர்களை முதியவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதியதும் ரூட்லெட்ஜ்தான். இதே ஒரோங்கோவிலிருந்து 1868இல் ஆங்கிலேயக் கப்பல் எடுத்துப் போன மோவாய் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2018இல் தீவின் பிரதிநிதிகள் நேரில் சென்று அதைத் திருப்பிக் கேட்டார்கள்.

நேயர்களே, போகும் வாய்ப்பு கிடைத்தால் பிப்ரவரி மாதம் போங்கள்; தப்பாத்தி திருவிழாவில் இளைஞர்கள் வாழைத்தண்டில் படுத்து மலைச்சரிவில் பாய்ந்து இறங்குவதைப் பார்க்கலாம். சிலை நிற்கும் மேடைகளில் கால் வைக்காதீர்கள், அவை முன்னோரைப் புதைத்த இடங்கள். போக முடியாதவர்கள் ரூட்லெட்ஜின் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். காப்புரிமைக் காலம் முடிந்த நூல், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. டைமண்டைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம்.