கொழுப்பைத் தடுக்கும் மாத்திரை

நெல்லும் கரும்பும் விளையும் சேத்தியாத்தோப்பில், தேகம் இளைக்க வேண்டுமென்ற ஆசையால், வைத்தியரைக் கேளாமலே ஆர்லிஸ்டாட் மாத்திரை வாங்க நினைக்கும் நேயர்கள் சற்றே செவிசாய்க்க வேண்டும். கொழுப்பை ஜீரணிக்கும் லிபேஸ் என்னும் நொதியைத் தடுத்து, உண்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை மலத்தோடு வெளியேற்றுவதே இதன் காரியமாதலால், எண்ணெய் மிதக்கும் குழம்பையும் வடையையும் உண்டுவிட்டு இதை விழுங்குவோருக்கு ஆடையில் எண்ணெய்க் கறையும் அடக்கவொண்ணாத அவசரமும் நேரும். சோற்றையும் சர்க்கரையையும் இது தடுப்பதே இல்லை. உணவோடு, அல்லது உண்ட ஒரு மணி நேரத்துக்குள் உட்கொள்ளலாம். சாப்பிடாத வேளையில் வேண்டாம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையுமாதலால் அவற்றை இரவு படுக்கும்போது தனியே கொள்வது உசிதம். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி அவசியம். கர்ப்பிணிகள் இதைத் தொடலாகாது. கண் மஞ்சளித்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்லுங்கள்.