பயணத்துக்கு ஒரு சின்ன கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தர்மபுரிக்குப் பட்டறிவுப் பயணம் போவதென்று சென்ற கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதன்முதலாகத் தொடங்கியது அங்கேதான். "போற இடத்துல பாக்கறதையெல்லாம் படம் புடிச்சுட்டு வந்து, வராதவங்களுக்குக் காட்டணும். சுருக்குப் பைக்குள்ள அடங்கற மாதிரி ஒரு கேமரா வாங்கலாமா?" என்று சில குழுக்கள் கேட்டீர்கள். கூட்டமைப்புப் பணம் நம் எல்லோருடைய சேமிப்பு. ஆகவே கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்காமல், நமக்கு என்ன வேலைக்கு வேண்டும் என்று முதலில் யோசிப்போம்.

பயணம் மூன்று நாளில் முடிந்துவிடும். கேமரா அதன் பிறகும் நம்மிடம்தான் இருக்கும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியது. வாளி வாளியாகக் கையால் அள்ளியதை நாம் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பு. படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் "என் படகு இது, இந்தத் தேதியில் இப்படி இருந்தது" என்று காட்ட ஒரு தெளிவான படம் கையில் இருந்தால் மனு எழுதுவது எவ்வளவு சுலபம்! எனவே ஊர் சுற்றவும், ஊரைக் காக்கவும் உதவுகிற கேமராவாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: கேமரா வேண்டுமா, இருக்கிற செல்போனே போதுமா? பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் இருப்பதை எடுக்க இன்றைய நல்ல செல்போன் போதும். உறுப்பினர்களிடம் அப்படி இரண்டு போன் இருந்தால், கேமராப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் தூரத்தில் இருப்பதை எடுக்க வேண்டும், அல்லது ஒருத்தருடைய சொந்த போனை எல்லோரும் கேட்டு வாங்குவது சரிப்படாது என்றால் தனிக் கேமரா நல்லது. அதற்கு இவற்றைப் பாருங்கள்.

ஒன்று, மெகாபிக்சல். ஒரு மெகாபிக்சல் என்றால் 10 லட்சம் புள்ளிகள். ஸ்டுடியோவில் போடும் 6க்கு 4 அங்குலப் படத்துக்கு சுமார் 2 மெகாபிக்சலே போதும். ஏ4 தாள் அளவுக்கு சுமார் 9 போதும். ஆகவே 12 இருந்தால் நம் வேலை தாராளமாக நடக்கும். "இது 50, அது 100" என்ற பேச்சுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இரண்டு, சென்சார். பழைய கேமராவில் பிலிம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது இதுதான். இது பெரிதாக இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக வரும். கடையிலேயே சோதிக்கலாம். வெளிச்சம் குறைந்த மூலையில் ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், காசிமேட்டில் விடியுமுன் நடக்கிற மீன் ஏலத்தை அது சரியாக எடுக்காது.

மூன்று, ஜூம். ஆப்டிகல் ஜூம் என்பது லென்ஸே தூரத்தைக் கிட்டக் கொண்டுவருவது. டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிசு பண்ணுவது மாதிரி. பெரிதாகும், தெளிவு போய்விடும். பெட்டியில் "ஆப்டிகல்" என்று போட்டிருக்கிற எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

நான்கு, நம்ம ஊர்க் காற்று. உப்பும் நிலக்கரிச் சாம்பலும் கலந்த காற்று இது. லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகிற கேமராக்களில் அந்த இடைவெளி வழியாகத் தூசி உள்ளே போய்விடும். லென்ஸ் நீளாமல் உள்ளேயே இயங்கும் வகையும் உண்டு. ஐ.பி.68 என்று போட்டிருந்தால் முதல் எண் 6 தூசிக்கு, இரண்டாவது எண் 8 தண்ணீருக்கு. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல் தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை. கடற்கரைக்குப் போய் வந்தால் லேசாக ஈரமான துணியால் துடைத்து, உலர்த்தி வையுங்கள்.

ஐந்து, பேட்டரியும் மெமரி கார்டும். கழற்றி மாட்டும் பேட்டரி என்றால் இன்னொன்று வாங்கிக் கையில் வைக்கலாம். பயணத்தில் ப்ளக் பாயிண்ட் தேடி அலைய வேண்டாம். 32 ஜி.பி. கார்டு ஒன்றில், படம் ஒன்று 5 எம்.பி. என்றால், 6,000 படங்கள் வரை பிடிக்கும். பர்மா பஜாரோ, ரிச்சி தெருவோ, எங்கே வாங்கினாலும் பில், இந்தியாவில் செல்லும் வாரண்டி, கேமராவின் சீரியல் எண் மூன்றையும் கேட்டு வாங்கி, பில்லைக் கூட்டமைப்புக் கோப்பில் வையுங்கள்.

ஆறு, 'ஸ்மார்ட்' என்பது என்ன? படத்தை வயர் இல்லாமல் செல்போனுக்கு அனுப்பும் வசதிதான் நமக்கு முக்கியமாகப் பயன்படும். வாங்கிய அன்றே தேதி, நேரம் சரியாக வையுங்கள். இன்னொன்று கவனியுங்கள்: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி போன்ற விவரங்களும் போய்விடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும். மனுவோடு கொடுக்கிற படத்தை அப்படித்தான் அனுப்ப வேண்டும். மூலப் படத்தை அழிக்கவே கூடாது.

"நமக்கு இதெல்லாம் வருமா?" என்று பின்வரிசையில் கேட்பது காதில் விழுகிறது. தெலங்கானாவில் ஜாகீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கங்களைச் சேர்ந்த தலித் விவசாயப் பெண்கள், பள்ளிக்கூடம் போகாதவர்கள் உட்பட, 1990-களின் கடைசியிலேயே வீடியோ கேமரா பிடிக்கக் கற்றார்கள். தங்கள் விதைகளையும் விவசாயத்தையும் படமாக எடுத்து வெளிநாடு வரை காட்டினார்கள். அவர்கள் வைத்த பெயர்களைக் கேளுங்கள். மேல், கீழ்க் கோணங்களில் எடுப்பதற்கு 'பட்டேல் ஷாட்', 'அடிமை ஷாட்'. கண்ணுக்குக் கண் நேராக எடுத்தால் 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்காருகிறோம் அல்லவா, அதனால். தர்மபுரியில் நாமும் சங்கம் ஷாட்டே எடுப்போம். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்ட பிறகே எடுப்போம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நம்ம பகுதியில் துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய் ஆலை எல்லாம் இருக்கின்றன. இவற்றில் பல இடங்களில் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. போர்டைப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் மூன்று விஷயத்தைப் பேசி எழுதிக்கொண்டு வாருங்கள்: கேமரா தேவையா, போனே போதுமா? வாங்கினால் எவ்வளவு வரை? யார் பொறுப்பில் இருக்கும்? வாங்குவது என்று முடிவானால் ஒரு பதிவேடு போட்டு, எடுத்துப் போன தேதி, திருப்பிக் கொடுத்த தேதி, கையெழுத்து மூன்றும் எழுதுவோம். ஒருத்தருக்கு மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது. குழுவுக்கு இரண்டு பேராவது கற்க வேண்டும். பயணத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்து பயிற்சி தருகிறோம்.