மாடி எடுக்கும் முன்னே

(தென்காசியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பெண் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



குழுக்கடன் எதுக்கு வாங்கினீங்கன்னு கேட்டேன். ஆடு, மாடு, தையல் மிஷினுக்கு அடுத்தபடியா வீட்டுக்குத்தான் நிறையப் பேர் கை தூக்கினீங்க. குற்றாலம் பக்கத்துச் சகோதரிகள் சிலர், சீசனுக்கு வாடகைக்கு விட மாடியில் இரண்டு ரூம் எடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதனால், கட்டடம் ஏன் விழுகிறது என்பதையே இன்றைக்குப் பேசுகிறேன்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம். சென்னை போரூர் பக்கம் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். 27 பேரை உயிரோடு மீட்டார்கள். இறந்தவர்களில் நிறையப் பேர் ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்த கூலியாட்கள், பெண்களும் உண்டு.

அன்றைக்கு நல்ல மழை. இடி விழுந்துதான் சரிந்தது என்று கட்டியவர்கள் தரப்பில் சொன்னார்கள். ஒழுங்காகக் கட்டின கட்டடம் இடி விழுந்து மொத்தமாக உட்காராதும்மா. எங்கள் தொழில்காரர்கள் பேச்சு எல்லாம் தூணைப் பற்றியும் மண்ணைப் பற்றியும்தான் இருந்தது. மேலே ஏறுகிற பாரத்தைத் தூண் தாங்குமா? பக்கத்திலே ஏரி இருக்கிற இடத்தில் அடிமண் எப்படி? நீதிபதி ரெகுபதி தலைமையில் அரசு விசாரணைக் கமிஷன் வைத்தது. அதிலும் கட்டட வடிவமைப்பில் இருந்த குறைதான் முக்கியமாக வந்தது. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

நம்ம வீடு 11 மாடி இல்லையே என்று நினைக்காதீங்க. கணக்கு ஒண்ணுதான். 10க்கு 10 அறைக்கு 5 அங்குல கான்கிரீட் போட்டால் அந்தத் தளம் மட்டும் சுமார் 3 டன். தட்டட்டியில் வைக்கிற 1000 லிட்டர் டேங்க் நிறைந்தால் இன்னும் ஒரு டன். ஒரு தட்டுக்கென்று போட்ட அஸ்திவாரத்தின் மேலே இதையெல்லாம் ஏற்றப் போகிறோம். வானம் தோண்டும்போது எத்தனை மாடிக்கென்று போட்டது? தென்காசியைச் சுற்றி நஞ்சையைப் பிளாட் போட்ட இடத்தில் கட்டினவர்கள் இதை இன்னும் நன்றாய் விசாரிக்கணும். களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கும்.

அடுத்தது தண்ணீர். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25லிருந்து 30 லிட்டர் தண்ணீர் போதும். நம்ம பிளாஸ்டிக் குடத்துக்கு இரண்டு குடம். சாரல் காலத்தில் மணலே நனைந்து கிடக்கும், அதனால் இன்னும் குறைக்கணும். ஆனால் கலவை இளகி இருந்தால் தள்ளுவதற்குச் சுலபம் என்று மூணாவது குடத்தையும் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றுவது யார்? நம்ம சித்தாள் சகோதரிதான். அந்தக் குடம் தளத்தின் பலத்தைக் குடித்துவிடும். தளம் போட்ட பிறகு தண்ணீர் கட்டுவதோ 10 நாளாவது வேணும். அதிலே மட்டும் சிக்கனம் பார்க்கிறார்கள்! வாடகை மிச்சம் என்று முட்டுக்கம்பை மூணாம் நாளே பிடுங்குவதையும் பார்க்கிறேன். சின்ன அறைக்கே 7 நாள், 15 அடிக்கு மேல் அகலமென்றால் 14 நாள் முட்டு நிற்கணும்.

ஏற்கெனவே விரிசல் விட்ட வீட்டுக்கு என்ன செய்ய என்று ஒரு அக்கா கேட்டாங்க. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்கிறவர்களை வணங்குகிறேன் என்று கல்வெட்டிலேயே வெட்டி வைத்திருக்கிறார். ராஜாவுக்கே அந்த யோசனை இருந்தது. நம்ம கொத்தனாரிடம் கேட்டால் "அது பூச்சு விரிசல்தாம்மா" என்பார். சில நேரம் அவர் சொல்வது சரிதான். முடி மாதிரி மெல்லிசா, பூச்சோடு நிற்பது பயமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாய் ஓடுவது, தூணிலோ பீமிலோ விட்டது, கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பிதுங்குவது, கதவு திடீரென்று இறுகுவது, இவை வேறே. தூணில் புது விரிசல் பார்த்தால் முதலில் வெளியே வாங்க, அப்புறம் பொறியாளரைக் கூப்பிடுங்க.

வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற 8 மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று தூணிலும் சுவரிலும் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த பேங்க் ஊழியர்கள் வெளியேறிவிட்டார்கள். மேலே துணி தைத்த பெண்களை மறுநாள் காலையில் வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்று வந்தார்கள். 1,134 பேர். அந்தக் கட்டடத்திலும் அனுமதி இல்லாமல் மாடி ஏற்றியிருந்தார்கள்.

சாதாரண விரிசல் என்றால் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வையுங்க. ஒரு மாதத்தில் கோட்டைத் தாண்டினால் அது வளர்கிறது. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துச் செல்போனில் படம் எடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.