திகதி பார்த்து நம்புவோம்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



நாம் படித்த காலத்தில் பழைய புத்தகத்தைத் தாளின் நிறத்திலேயே கண்டுகொள்வோம். இன்று பிள்ளைகள் கைத்தொலைபேசியில் வாசிப்பதற்கு நிறம் மங்குவதில்லை. பத்து வருடப் பழசும் இன்று காலை வந்ததுபோலவே தெரியும்.

மண்முனைத் துறையை எடுத்துக்கொள்வோம். எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போக முன்பு அங்கே பாதைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். 2014இல் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட பக்கத்தை நம்பும் பிள்ளை, இன்றும் அங்கே படகுதான் என்று ஒப்படையில் எழுதிவிடுவாள். முதலில் எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதிய பின் ஊர் மாறிவிட்டது.

ஒப்படையில் ஓரிரு புள்ளிகள்தான் போகும். ஆபத்து வேளையில் அப்படியல்ல. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. சுனாமி எச்சரிக்கை வந்தது. 2004ஐக் கண்ட கரையோர மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். அன்றே எச்சரிக்கை மீளப்பெறப்பட்டது. பிற்பகலில் உயிர்காக்கும் செய்தி, இரவில் பழைய செய்தி. இப்படியான ஒன்று திகதியின்றி மறுபடி பகிரப்பட்டால் ஊர் வீணாகக் கலங்கும். பலமுறை வீணாக ஓடியவர்கள், உண்மையான எச்சரிக்கை வரும்போது ஓடாமல் இருந்துவிட்டால்?

ஆகவே பிள்ளைகளுக்குச் சிலவற்றைப் பழக்குவோம். வெளியிட்ட திகதியையும் இறுதியாகத் திருத்திய திகதியையும் தேடட்டும். நமக்கு வந்து சேர்ந்த திகதி வேறு, எழுதப்பட்ட திகதி வேறு. படமானால், அந்தப் படத்தைக் கொண்டே இணையத்தில் தேடி, முன்பு எப்போது வந்தது என்று பார்க்கட்டும். புயல், வெள்ளம் என்றால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றைய அறிவித்தலைப் பார்க்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 இலக்கத்தில் கேட்கட்டும். பழையதெல்லாம் பிழையுமல்ல. 1978 சூறாவளியைப் பற்றி எழுதுபவளுக்கு அந்நாளையப் பத்திரிகையே நல்ல சான்று.

கடல் கடந்து வாழும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரில் வெள்ளம் என்றதும் தவிப்பில் கிடைத்ததையெல்லாம் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். அனுப்புமுன் “இது எப்போதையது?” என்று கேட்போம். விடை தெரியாவிட்டால் அனுப்பாமல் விடுவோம். நமது பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுவார்கள்.