கருவுற்ற தாயும் மனச்சோர்வு மாத்திரையும்



தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி ஒருநாள் கிள்ளானிலிருந்து என்னைப் பார்க்க வந்தாள். மூன்று மாதக் கர்ப்பிணி; முகத்தில் களையே இல்லை. "டீச்சர், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தேன். அது பிள்ளையின் மூளையைக் கெடுத்துவிடும் என்று அத்தை சொன்னார்கள். நிறுத்திவிட்டேன். இப்போது தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை" என்றாள்.

அத்தை பாசத்தால் சொன்னது அது. அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் தூக்க மருந்தை, மசக்கைக்காகவும் கர்ப்பிணிகள் உட்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தன. 1961-இல் அந்த மருந்து அங்கே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் மனச்சோர்வு மாத்திரை தாலிடோமைடு அல்ல.

2015-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு, கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் கூடுதலாகக் காணப்பட்டதாகக் கூறியது. பலரும் பயந்துபோனார்கள்.

மழை நாளில் குடை பிடித்து வருபவர்களின் கால்களைப் பாருங்கள், ஈரமாக இருக்கும். குடையா நனைத்தது? மழையல்லவா! மாத்திரை சாப்பிடும் தாய்க்கு ஏற்கெனவே நோய் இருக்கிறது. பரம்பரையும் வீட்டுச் சூழலும் கூடவே இருக்கின்றன. பிள்ளையைப் பாதித்தவை இவையா, மாத்திரையா?

இதைப் பிரித்தறிய, சுவீடன் நாட்டில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரே தாயின் பிள்ளைகளில், மாத்திரை சாப்பிட்ட காலத்தில் சுமந்த பிள்ளையையும் சாப்பிடாத காலத்தில் சுமந்த பிள்ளையையும் ஒப்பிட்டார்கள். ஆட்டிசத்திலும் கவனக்குறைவு நோயிலும் மாத்திரையால் வந்த வேறுபாடு தென்படவில்லை. இது 2017-இல் வெளிவந்தது. 2022-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வும், தாயின் நோயையும் பிற காரணங்களையும் கணக்கில் எடுத்தபின், இந்த மாத்திரைகள் பிள்ளையின் மூளை வளர்ச்சிக் குறைபாடுகளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது.

அப்படியானால் தொல்லையே இல்லையா? சில உண்டு. பிறந்த குழந்தைக்குச் சில நாள் நடுக்கம், ஓயாத அழுகை, பால் குடிப்பதில் சிரமம் வரலாம். பெரும்பாலும் தானே தணிந்துவிடும். ஆனாலும் பிரசவம் பார்ப்பவர்களிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. பராக்செட்டின் என்பதைக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் மருத்துவர்கள் இயன்றவரை தவிர்ப்பார்கள். வலிப்புக்கும் சிலவகை மனநோய்க்கும் தரும் வால்புரோயேட் கருவை உண்மையிலேயே பாதிக்கும். அதையும் மருத்துவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

தராசின் மறு தட்டையும் பாருங்கள். மருந்தின்றி விடப்பட்ட மனச்சோர்வால் தாய் சாப்பிடமாட்டாள், பரிசோதனைக்குப் போகமாட்டாள். குறைமாதப் பிரசவம் நேரலாம், குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். சிலருக்குத் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும். பிள்ளை பேசக் கற்பது தாயின் முகம் பார்த்துத்தான். அந்த முகம் வாடியிருந்தால் குழந்தையும் வாடும். இதை என் வகுப்பறையில் கண்டிருக்கிறேன்.

ஆகவே, மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும், நோயும் திரும்பும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு தாய்சேய் கிளினிக்குக்குப் போங்கள். தாதியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, மாற்றுவதா, இலேசான நோய்க்கு ஆலோசனைச் சிகிச்சை மட்டும் போதுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். மனநோய் என்றாலே 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று கேலி பேசும் வழக்கத்தை நாம் விட வேண்டும். மனம் தாங்காத வேளையில் 15555 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

அந்தப் பெண் மறுநாள் கிளினிக்குக்குப் போனாள். நான் சொன்னபடி அத்தையும் கூடவே போனார். மருத்துவர் விளக்கியதும், "இது எனக்குத் தெரியாமல் போயிற்றே, அம்மா" என்றாராம். அன்றுமுதல் மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுத்தவர் அவரே. பேத்தி இன்று வாய் ஓயாமல் பேசுகிறாள். ஒரு பிள்ளையை வைத்து மருந்தை எடைபோடக் கூடாதுதான். ஆனால் ஒரு மாமியார் துணை நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த ஒரு வீடே போதும்.